பச்சைக் கல்லும் பிறந்த ஊரும்

நவராத்திரி வந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டுக்கு வீடு கொலுப்படிகள் எழும்பிவிடுகின்றன. பொருள்களை அடுக்கி அழகு பார்க்க நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. அந்த ருசி சிலரிடம் கற்களின் மேலும் சென்றிருக்கிறது. கூடத்து அலமாரியில் பச்சைப் புளோரைட் ஸ்படிகம் ஒன்று இருந்தால், வந்தவர்கள் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தப் பழக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

புளோரைட் என்பது கால்சியமும் புளோரினும் கூடிய பொருள். எந்தச் சிற்பியும் தொடாமலே பகடைக்காய்போல் ஆறு முகங்களுடன் வளரக்கூடியது. உருக்கு உலையில் கசடு இளகி ஓட இதைச் சேர்ப்பார்கள். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியில் இவற்றுள் பல நீலமாக ஒளிரும். அந்த ஒளிர்வுக்கு 1852-ல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இட்ட ஆங்கிலப் பெயரே இந்தக் கல்லிலிருந்து பிறந்ததுதான்.

இதை மரகதம் என்று சொல்லி விற்பவர்களும் உலகில் உண்டு. மரகதம் கண்ணாடியைக் கீறும், புளோரைட் கீறாது. கடினத்தை அளக்கும் பத்துப் படி ஏணியில் மரகதம் ஏழரைக்கு மேல். புளோரைட் நான்காம் படி. கத்தி முனை பட்டாலே தழும்பு விழும். சில கற்களின் பச்சை வெயிலில் வெளுத்தும் போகும். ஆகையால் ஜன்னலோரம் இதற்கு உகந்த ஆசனமன்று.

இவை யாவும் எளிதில் கற்கக்கூடியவை. மறக்கக்கூடாதது வேறொன்று: கல் பிறந்த ஊர். குஜராத்தின் அம்பாடோங்கரிலும் புளோரைட் உண்டு. சத்தீஸ்கரின் சாந்தி டோங்கிரியிலும் உண்டு. இங்கிலாந்தின் வியர்டேல் பகுதியில் கிடைக்கும் பச்சைக் கற்களில் சில, விளக்கொளியில் பச்சையாகவும் பகலொளியில் நீலமாகவும் தோன்றும். ஊர்ச்சீட்டு தொலைந்தால் இந்த வரலாறெல்லாம் தொலைந்துபோகும். மிஞ்சுவது பச்சை நிறம் ஒன்றே.

ஊரின் மகிமைக்கு அடையாற்றுக்குத் தெற்கே, பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கருங்கல்லே சாட்சி. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையின் மேல் கிடப்பதும் அதே ஜாதிக் கல்தான். 1893-ல் தாமஸ் ஹாலந்து அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். நம் ஊர்க் கல் உலகத்துப் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆனால் கல்கத்தாவில் கண்மூடியவரின் பெயரோடு! அந்த மலையைத் தினமும் பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பல்லாவரத்துப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கண்ணால் பார்க்கலாம்; சுத்தியல் எடுத்துச் செல்லவேண்டாம்.

1851-ல் தொடங்கிய சென்னை அரசாங்க அருங்காட்சியகமும் முதலில் கற்களைக் கொண்டே கடை விரித்தது. குழந்தைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்று, கற்களோடு அவற்றின் சீட்டுகளையும் காட்டுங்கள். பிறகு உங்கள் அலமாரிக்குத் திரும்பி, கல்லின் பெயர், கிடைத்த இடம், வாங்கிய தேதி மூன்றையும் குழந்தையின் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு இடம் தெரியாவிட்டால் விலை பாதியானாலும் நிதானிக்கலாம். ஊர் தெரிந்த சிறு கல், ஊர் தெரியாத பெருங்கல்லைவிட மேல் என்பதே நமது அபிப்பிராயம்.