வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் எங்கிருந்து வரும்?

கலிஃபோர்னியா மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலவாசி என்று நிறுவிக்கொண்டவர், செமஸ்டர் முறைக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 46 டாலர். மூன்று யூனிட் கொண்ட ஒரு கணினி வகுப்புக்கு 138 டாலர் ஆகும். அமெரிக்க உயர்கல்வி விற்கும் விலையில் இது கொசுறு. 1984 வரை இந்தக் கட்டணம்கூட அங்கே கிடையாது. நுழைவுத் தேர்வு இல்லை; வயது தடையில்லை; பள்ளியில் என்ன மதிப்பெண் என்று துருவிக் கேட்பாரும் இல்லை. பைத்தானோ ஜாவாவோ எக்ஸெலோ, வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே படித்துவிடலாம். வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்க, உள்ளே போனவர்களில் இத்தனை பேர் ஏன் பாதியில் வெளியே வருகிறார்கள்?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ‘சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம்’ இயங்குகிறது. அதன் ஆய்வாளர்கள் டி ஷு, ஷானா ஸ்மித் ஜாகர்ஸ் இருவரும் வாஷிங்டன் மாநிலத்தில் 40,000க்கும் அதிகமான மாணவர்களின் ஏறக்குறைய 5 லட்சம் வகுப்புப் பதிவுகளை அலசினார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு கல்லூரிகளுக்கு இனிப்பாக இல்லை. எல்லா வகை மாணவர்களுக்குமே நேரடி வகுப்பைவிட இணையவழி வகுப்பில் தேர்ச்சி இறங்கியது. இளைஞர்கள், ஆண்கள், கறுப்பின மாணவர்கள், ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சறுக்கல் இன்னும் அதிகம். நன்றாகப் படிப்பவர் சமாளித்துக்கொள்கிறார். யாருக்கு இந்த வாசல் மிகவும் தேவையோ அவரே தடுக்கி விழுகிறார்.

இதற்கு அறிவையோ ஆர்வத்தையோ குறை சொல்லிப் பயனில்லை. நேரடி வகுப்பு மாணவருக்கு ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்துவந்தது: கட்டாயம். செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிதான். போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் நோட்டை எடுத்தால் நாமும் எடுப்போம். கேள்வி கேட்கத் தயங்கினாலும் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டுவிடுவார். இணையவழி வகுப்பில், அதிலும் நேரலை இல்லாமல் பதிவுசெய்த பாடங்களை வைத்து நடக்கும் வகுப்பில், இந்த ஏற்பாடு முழுவதும் கழன்றுவிடுகிறது. ‘உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்’ என்று கல்லூரி விளம்பரம் செய்கிறது. வசதியான நேரம் என்று ஒன்று யார் வீட்டிலும் தானாக முளைப்பதில்லை. கல்லூரி வகுத்துத் தந்த கால அட்டவணையை இனி மாணவரே எழுதி, மாணவரே காவல் காக்க வேண்டும். தயாரிப்பு என்று நான் சொல்வது முதலில் இதைத்தான்.

அந்த அட்டவணையில் எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. கலிஃபோர்னிய விதிப்படி ஒரு யூனிட் என்பது குறைந்தது 48 மணி நேர உழைப்பு. பாடம் கேட்பது, வீட்டுப்பாடம் செய்வது எல்லாம் சேர்த்து. மூன்று யூனிட்டுக்கு 144 மணி நேரம். 16 வாரத்தில் பரப்பினால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். இது சராசரி மாணவருக்கான கணக்கு. கணினியையே புதிதாகத் தொடுகிறவருக்கும், ஆங்கிலத்தில் படித்து நிறுத்தி யோசிக்கிறவருக்கும் இன்னும் கூடும். சேருவதற்கு முந்தைய வாரமே இந்த ஒன்பது மணி நேரம் எந்தக் கிழமையில் எந்த வேளையில் என்று காலண்டரில் குறிக்க முடியாவிட்டால், அந்தப் பருவத்தில் அந்த வகுப்பைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

இதில் நம்மவர் கதை தனியாகப் பேச வேண்டியது. சன்னிவேல், ஃப்ரீமாண்ட், சான்டா கிளாரா பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கணவரின் வேலையை ஒட்டி எச்-4 விசாவில் வந்த பெண்கள் பலர். பெரும்பாலும் இந்தியாவிலேயே பொறியியலோ எம்சிஏவோ முடித்தவர்கள். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. தனியாக மாணவர் விசா வேண்டியதில்லை. வேலைக்கான அனுமதியோ, 2015ஆம் ஆண்டு விதி வந்த பிறகும், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களுக்குத்தான். அதுவரை படிப்போம் என்று சமுதாயக் கல்லூரியில் சேருகிறார்கள். இவர்களுக்குப் பாடம் கடினமில்லை. “வீட்டிலேதானே இருக்கே?” என்ற ஒரு கேள்விதான் கடினம். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரை வகுப்பில் இருப்பவராக வீடு மதிப்பதில்லை. கூரியர் வந்தால் அவர்தான் கதவைத் திறக்க வேண்டும், குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் அவர்தான் ஓட வேண்டும். ஊரிலிருந்து மாமனார், மாமியார் ஆறு மாதம் தங்க வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதே பெண் காரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போயிருந்தால் வீடு அந்த நேரத்தை எப்படியோ சமாளித்திருக்கும். ஆகவே, ஒன்பது மணி நேரத்தையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்தில் அடுப்பும் குழந்தையும் யார் பொறுப்பு என்று பேசி முடிப்பது வகுப்பின் முதல் வீட்டுப்பாடம். முடிந்தால் அந்த நேரத்தில் பொது நூலகத்துக்குப் போய்விடலாம். அங்கே கூரியர் வராது.

அடுத்தது கருவி. கைபேசியில் பாடம் பார்க்கலாம், புரோகிராம் எழுத முடியாது. பள்ளிப் பிள்ளை பயன்படுத்தும் குரோம்புக்கில் எல்லா மென்பொருளையும் நிறுவ முடியாது. அலுவலக மென்பொருள் வகுப்பில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இருந்தால் ஆப்பிள் கணினியில் அது ஓடாது. மேக்குக்கென்று ஆக்சஸ் வெளியிடப்படுவதே இல்லை. இவையெல்லாம் பாடத்திட்டக் குறிப்பில் அச்சிட்டே இருக்கும். மூன்றாவது வாரம் முதல் பயிற்சியைத் திறக்கும்போதுதான் பலர் அதைப் படிக்கிறார்கள். பல கல்லூரி நூலகங்களில் மடிக்கணினி இரவல் கிடைக்கும். அதற்கும் பருவத் தொடக்கத்திலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு கோப்பை எங்கே சேமித்தோம் என்று கண்டுபிடிப்பது, பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கி அனுப்புவது, கல்லூரியின் பாடத்தளமான கேன்வாஸில் பதிவேற்றிய பின் அது சரியாகப் போயிற்றா என்று திறந்து பார்ப்பது ஆகிய சின்ன வேலைகள் எந்தப் பாடத்திலும் வராது. ஆனால், மதிப்பெண் கசிவது பெரும்பாலும் இந்த ஓட்டைகளில்தான்.

புரோகிராமிங் வகுப்புக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. ஸைபுக்ஸ் போன்ற பாடத்தளங்களில் மாணவர் எழுதும் புரோகிராமை இயந்திரமே திருத்துகிறது. பெயரை உள்ளீடாக வாங்கி ‘வணக்கம்’ என்று சேர்த்து அச்சிட வேண்டும் என்பது பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். மாணவர் நல்ல பிள்ளையாக, ‘உங்கள் பெயர் என்ன?’ என்று முதலில் திரையில் கேட்கும்படி எழுதுகிறார். அவர் கணினியில் அழகாக ஓடுகிறது. தளத்தில் போட்டால் பூஜ்யம். மறுபடியும் போடுகிறார், மறுபடியும் பூஜ்யம். இயந்திரம் எதிர்பார்த்த வெளியீடு ஒரே ஒரு வரி. இவர் அன்பாகக் கேட்ட கேள்வியும் வெளியீட்டில் சேர்ந்துவிட்டது. ஒரு இடைவெளி கூடினாலும் சில பயிற்சிகளில் இதே கதிதான். பகல் பதினொன்றுக்கு நடந்தால் இது பத்து நிமிடச் சிக்கல். இரவு 11.59க்குக் கெடு இருக்கும்போது 11.40க்கு நடந்தால், ‘எனக்குக் கணினி வராது’ என்ற முடிவுக்கு ஆளைத் தள்ளிவிடும். கெடுவுக்கு மூன்று நாள் முன்பே பயிற்சியைத் திறந்து ஒருமுறையாவது ஓட்டிப்பார்க்கச் சொல்வது ஒழுக்க உபதேசம் என்று நினைக்க வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் விழித்திருக்கும் நேரத்தில் தவறைச் செய்துவிட வேண்டும் என்கிற ஏற்பாடு அது.

கேட்பதிலும் நமக்கொரு பழக்கம் தடையாக நிற்கிறது. வாத்தியாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கக் கல்லூரியில் ஆசிரியரின் ‘ஆபீஸ் அவர்ஸ்’ என்பது மாணவருக்காகவே ஒதுக்கப்பட்ட நேரம். அது அவருடைய வேலையில் ஒரு பகுதி. அந்த நேரத்தில் ஜூம் அறையைத் திறந்துவைத்து யாரும் வராமல் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் அங்கே ஏராளம். ஆனால், ‘புரோகிராம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்த வரியில் பிழை, திரை என்ன சொன்னது, நாம் என்ன எதிர்பார்த்தோம், அதற்குள் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தோம் என்று நான்கு வரி எழுத வேண்டும். அந்த நான்கு வரியை எழுதும்போதே பாதிப் பிழை கண்ணில் பட்டுவிடும். 2021இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி அரசின் விதி, ஆசிரியர் மாணவருடன் முறையாகவும் பொருளுள்ள வகையிலும் தொடர்பில் இருந்தால்தான் அது இணையவழி வகுப்பு என்கிறது. இல்லையென்றால் அது அஞ்சல்வழிப் படிப்பு, கல்வி உதவித்தொகைக் கணக்கே மாறிவிடும். ஆக, பதில் பெறுவது மாணவரின் உரிமை.

இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டதே, ஆசிரியர் எதற்கு என்று கேட்கலாம். பயிற்சிக்கு விடை வாங்கிவிடலாம்தான். தேர்வில் வெற்றுத் திரை முன்னால் உட்காரும்போது அந்த விடை கூடவே வராது. பிழைச் செய்திக்குப் பொருள் கேட்பதற்கு அதைப் பயன்படுத்துவதுகூட ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுபடும். பாடத்திட்டக் குறிப்பில் அனுமதி எதுவரை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் வாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கல்வி உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகப் போலிப் பெயர்களில் பதிவுசெய்யும் மோசடிக் கும்பல்களால் கலிஃபோர்னியக் கல்லூரிகள் சில ஆண்டுகளாகத் திணறுகின்றன. அதனால், முதல் சில நாட்களில் அறிமுகக் குறிப்பு எழுதாதவர், முதல் வினாடிவினாவைத் தொடாதவர் ஆகியோரை ஆசிரியர்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ‘வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்த உண்மையான மாணவரும் அந்த வலையில் சிக்குகிறார். தாமாக விலகுவதற்கும் இரண்டு கெடு உண்டு. முதலாவதற்குள் விலகினால் பதிவேட்டில் தடயமே இருக்காது. இரண்டாவதற்குள் என்றால் விலகியதாகக் குறிப்பு ஏறும். அதையும் தவறவிட்டால் செய்ததற்குத் தக்க மதிப்பெண்தான், தோல்வியானாலும். இந்தத் தேதிகளைச் சேர்ந்த அன்றே குறித்து வைப்பதை அவநம்பிக்கை என்று எண்ணிப் பலர் தவிர்க்கிறார்கள், பிறகு வருந்துகிறார்கள்.

இத்தனையும் மாணவர் தலையில் ஏற்றிவிட்டுக் கல்லூரிகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பதிவுப் பக்கத்தில் கட்டணம் இருக்கிறது, ஆசிரியர் பெயர் இருக்கிறது, விலையில்லாப் பாடநூல் என்ற முத்திரைகூட இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வகைக் கணினி வேண்டும் என்ற இரண்டு தகவலையும் அங்கேயே, வகுப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். குறிப்பாகக் கோடைக்கால வகுப்புகளுக்கு. அதே மூன்று யூனிட், அதே 144 மணி நேரம் அங்கே ஆறு வாரத்தில் அடைக்கப்படுகிறது. வாரத்துக்கு 24 மணி நேரம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் வீட்டிலிருக்கும் மாதங்கள் அவை. முதன்முதலாக இணையவழியில் புரோகிராமிங் படிக்க நினைப்பவர் அந்த வகுப்பில் சேர வேண்டாம். ஆகஸ்டில் தொடங்கும் பருவம் வரை காத்திருங்கள்.