கருவில் சேரும் மாசை அளந்து சொல்லுங்கள்
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலைகளும் சூழ வாழ்பவர்கள் நாங்கள். எங்கள் குழந்தைகள் பிறக்கும் முன்பே எந்த மாசைச் சுமக்கிறார்கள் என்பதை அறிவது எங்கள் உரிமை. மக்கள் நல்வாழ்வுத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இவற்றைச் செய்தாக வேண்டும்.

இங்கே ஒரு தாய்-சேய் ஆய்வைத் தொடங்குங்கள். பக்கத்துப் போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், தமிழகத்தின் கிராமங்களிலும் நகரங்களிலும் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது, குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்திருந்தது. இரண்டரைக் கிலோவைத் தொட்டும் தொடாமலும் பிறக்கும் குழந்தைகளுக்கு அது சிறிய கணக்கல்ல. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசின் கர்ப்பப் பதிவான பிக்மி எண் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் எதற்குத் தாமதம்?

எடையோடு நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வீணாகும் தொப்புள்கொடி ரத்தத்தில் சில மில்லிலிட்டர் போதும். தாயின் ரத்தத்தில் கலந்த ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகிறது. அதை அளக்க முடியும். மரபணுவின் வரிசை மாறாமல் அது இயங்கும் விதத்தை மட்டும் மாற்றும் மெத்தில் குறிகளையும் படிக்க முடியும். இன்று எடுக்காத மாதிரியை நாளை எந்த ஆய்வகத்தாலும் திரும்பப் பெற முடியாது.

முடிவை முதலில் தாயிடம் சொல்லுங்கள். ஈய அளவு கூடுதலாக இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடவும் குழந்தையைக் கண்காணிக்கவும் வழி உண்டு. அந்த அறிக்கை கோப்பில் உறங்கக் கூடாது. மெத்தில் குறிகள் அப்படியல்ல. கூட்டமாகப் பார்க்கும்போதுதான் அவை பேசும். ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அவற்றிலிருந்து கணித்து எந்தத் தாயையும் பயமுறுத்தக் கூடாது.

ஒப்புதலைத் தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியிலும் விளக்கிப் பெறுங்கள். மறுக்கும் பெண்ணுக்குச் சிகிச்சையில் துளியும் குறை வரக் கூடாது. பெயரும் முகவரியும் ஆய்வுக்கு வெளியே போகக் கூடாது.

நகரச் சராசரி எங்கள் தெருவின் காற்றைச் சொல்லாது. குடியிருப்புகளுக்குள் கருவி வைத்து, அளவை ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் தினமும் எழுதுங்கள். பி.எம். 2.5-க்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5.

ஆய்வு நடக்கிறது என்று காரணம் காட்டி, வரம்பு மீறும் ஆலைகள் மீதான நடவடிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குச் சட்டம் இப்போதே இருக்கிறது. ஆய்வுக்கான நிதியை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்கி, மாதிரி எடுக்கத் தொடங்கும் தேதியை எழுத்தில் தாருங்கள்.