உபாத்தியாயருக்கே முதற்பாடம்

2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், நெல்லை ஜில்லா நாங்குநேரியில், தம்முடன் படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் பள்ளிப் பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய கொடுமையைத் தமிழ் நாடு மறந்திராது. இதன் பேரில் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை சமர்ப்பித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுக்க வேண்டும், 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அறநெறி வகுப்புகள் நடத்த வேண்டும் என்பன அதன் சிபார்சுகளிற் சில. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், அவ்வகுப்பை நடத்தப் போகிறவர் யார்? சாதி அபிமானம் உபாத்தியாயரை மட்டும் விட்டு வைத்திருக்கிறதா? மாணவனின் குலத்தை ஜாடையாக விசாரிப்பவர் சமத்துவத்தைப் போதித்தால், பிள்ளைகள் அவருடைய நடத்தையையே பாடமாகக் கொள்வர். 1910-ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை ஸ்தாபித்த காந்தியடிகள், உபாத்தியாயர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் ஏவலாகாதென்று விதித்திருந்தார். அவ்விதியே இன்றைக்கும் நமக்கு வழிகாட்டி.

இரண்டு நாள் பிரசங்கம் செய்து கையொப்பம் வாங்கி அனுப்புவது பயிற்சியாகாது. பயிற்சிப் பள்ளிகளில் சகல வகுப்பாரும் ஒருங்கே உண்டு, உறைந்து, உழைத்துப் பழக வேண்டும். வகுப்பில் சாதிச் சச்சரவு எழுந்தால் செய்ய வேண்டியதை, அனுபவசாலிகளின் முன்னிலையில் நடத்திப் பார்த்துக் கற்க வேண்டும். உத்தியோகத்தில் உள்ளோருக்கும் வருஷந்தோறும் இப்பயிற்சி அவசியம். இதற்குப் பணமும் காலமும் ஒதுக்குவது சர்க்காரின் கடமை. அதை விடாது வற்புறுத்துவது தேசாபிமானிகளின் கடமை.