அங்கே சேறு, இங்கே வெடிப்பு

சைபீரியாவின் படகாய்கா பகுதியில் 1960-களில் காட்டை வெட்டினாங்க. நிழல் போனதும் வெயில் மண்ணுக்குள் இறங்கி, பல்லாயிரம் ஆண்டு உறைபனி உருகியது. இன்று அங்கே சுமார் 1 கி.மீ. நீளப் பள்ளம்.

"பாடாலூர்ல ஏதுப்பா பனி?"ன்னு கேட்கிறீங்களா? காரணம் ஒண்ணுதான். மரம் மண்ணுக்குக் குடை, சருகு போர்வை. ரெண்டையும் எடுத்தா அங்கே சேறாகும். இங்கே ஈரம் ஆவியாகி கரிசல் வெடிக்கும்.

திருச்சி–சென்னை சாலை நான்குவழியானபோது ஓரத்துப் புளியமரங்கள் போச்சு. சாலை வேண்டாம்னு சொல்லல. 'ஒண்ணுக்குப் பத்து கன்று' கணக்கைத்தான் ஏத்துக்க முடியல. கன்று நிழல் தர வருஷக்கணக்காகும்; மண் அதுவரை காத்திருக்காது.

அடுத்த முறை கேம்பஸில் மரம் வெட்ட வந்தா, "எத்தனை கன்று?"ன்னு கேட்காதீங்க. "எத்தனை சதுர அடி நிழல் போகுது?"ன்னு கேளுங்க.