டவுன்லோடு மேனேஜர்... கட்டாயமா, நம் இஷ்டமா?

40 ஜிபி கேம். 39 ஜிபி இறங்கியதும் நெட் கட். பிரவுசரில் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து! இந்த வயிற்றெரிச்சல் கேம் பிரியர்கள் பலருக்கும் பழக்கம்தான்.

இதற்குத் தீர்வுதான் டவுன்லோடு மேனேஜர். நின்ற இடத்திலிருந்து தொடரும். ஃபைல் பழுதில்லாமல் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடும். சிக்கல் என்னவென்றால், சில கடைகளில் இது கட்டாயம். 2004-ல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2' கேமை டிஸ்க்கில் வாங்கியவர்கள்கூட ஸ்டீம் சாஃப்ட்வேரைப் போட்டே ஆகவேண்டியிருந்தது.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி தளம் வேறு ரூட் பிடித்தது. டிஆர்எம் என்ற டிஜிட்டல் பூட்டு இல்லாமல் கேம் விற்றது. 'கேலக்ஸி' என்ற மேனேஜரை 2014-ல் அறிவித்து, 2015-ல் பீட்டாவாக எல்லோருக்கும் திறந்தபோதும், 'விருப்பம் இருந்தால் மட்டும்' என்றே சொன்னது. வேண்டாம் என்பவர்கள் பிரவுசரிலேயே இன்ஸ்டாலரை இறக்கிக்கொள்ளலாம்.

இதில் என்ன லாபம்? இன்ஸ்டாலர் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால், நாளை கடையையே மூடினாலும், தனியாக ஆடும் கேம் கைவிட்டுப் போகாது.

இப்படி ஒரு மேனேஜரின் பீட்டாவை நீங்கள் சோதிக்கப்போகிறீர்களா?

* முதலில் சின்ன கேமில் தொடங்குங்கள். டேட்டா மிச்சம்.

* சேவ் ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

* பாதியில் வைஃபையை நீங்களே ஆஃப் செய்யுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள்.

* கடைசியாக, மேனேஜரை நீக்கிவிட்டு, நெட் இல்லாமல் கேமைத் திறந்து பாருங்கள். ஓடினால்தான், 'விருப்பம் இருந்தால் மட்டும்' என்று கடை சொன்னது நிஜம்!