மண்டையை உடைத்தது யார்?

சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ். இரண்டு பேர் ஆரியர் - திராவிடர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மாம்பழச்சாலை வருவதற்குள் ஒருவர் பிரம்மாஸ்திரத்தை எடுத்துவிட்டார்: "மொகஞ்சதாரோவிலே முப்பது நாப்பது எலும்புக்கூடு சார்! வெட்டி வெட்டிப் போட்டிருக்கான். வீலர் துரையே எழுதியிருக்கார்!"

எழுதினார், வாஸ்தவம். 1947-ல் மார்ட்டிமர் வீலர் அந்தப் பழியை ஆரியர் தலையில் போட்டார். பாடப் புத்தகங்கள் வரைக்கும் போய்விட்டது.

1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் என்கிற அமெரிக்கர் கணக்குக் கேட்டார். மொத்தமே 37 எலும்புக்கூடுகள். அதிலும் பல அரைகுறை. எல்லாம் ஒரே காலத்தவையும் இல்லை. படையெடுப்பு என்றால் கோட்டைப் பக்கம் அல்லவா பிணம் விழ வேண்டும்? அங்கே ஒன்றுகூட இல்லை!

அப்புறம் வந்தார் கென்னத் கென்னடி. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். இலங்கையின் கற்கால எலும்புகளையும் பார்த்தவர். இவர் மண்டையோடுகளையே கையில் எடுத்துவிட்டார்.

எலும்பு எப்படிச் சாட்சி சொல்லும்? பச்சைக் குச்சியை ஒடித்துப் பாருங்கள். வளைந்து, சிம்பு சிம்பாகப் பிளக்கும். காய்ந்த சுள்ளி படக்கென்று ஒடியும். எலும்பும் அப்படித்தான். உயிருள்ள எலும்பில் ஈரமும் புரத நாரும் உண்டு. பல வருஷம் மண்ணில் கிடந்ததில் அது போய்விடும். அடுத்தது, உடைந்த விளிம்பின் நிறம். பழைய உடைப்பு என்றால் மற்ற இடம் மாதிரியே பழுப்பேறியிருக்கும். தோண்டும்போது மண்வெட்டி பட்டதென்றால் அங்கே மட்டும் வெளுத்திருக்கும். அடிபட்ட பிறகு ஆசாமி சில வாரம் பிழைத்திருந்தாலோ, விளிம்பு மழுங்கிப் புது எலும்பு கட்ட ஆரம்பித்திருக்கும். இன்றைக்கும் கோர்ட்டில் ஒருவனை மாட்டிவிடவோ காப்பாற்றவோ அந்த மழுங்கல் உதவலாம்.

மொகஞ்சதாரோ மண்டைகளில் வாள்வெட்டு என்று நினைத்த தடயங்கள், கென்னடி பார்த்தபோது, பெரும்பாலும் மண் அரித்த வேலை. ஒரு படுகொலைக்கு வேண்டிய காயங்கள் தேறவில்லை.

உடனே எதிர்க்கட்சிக்காரர் துள்ள வேண்டாம். அடி விழுந்ததா, எப்போது விழுந்தது என்பதோடு எலும்பின் சாட்சியம் முடிந்தது. யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு மரபணுவைக் கேட்க வேண்டும். கேட்டும்விட்டார்கள். மத்திய ஆசியப் புல்வெளிக்காரர்கள் கி.மு. 2000-க்குப் பிறகு இங்கே வந்து கலந்தார்கள் என்கிறது 2019-ல் வெளியான ஆய்வு.

கலந்தார்கள் என்றுதான் சார் இருக்கிறது. வெட்டினார்கள் என்று இல்லை!