நம் பாட்டில், யார் பங்கு?

சாங்கி விமான நிலைய வருகைக் கூடத்தில், "தம்பி, உங்கள் பங்கில் எனக்கொரு பாட்டில் எடுத்துத் தருவீர்களா?" என்று முன்பின் அறியாத ஊழியரிடம் ஒருவர் கேட்கக் கண்டேன். அருகில் அவருடைய மகன்.

2019 ஏப்ரல் முதல் தீர்வை விலக்கு மொத்தம் 2 லிட்டர். 18 வயது நிரம்பி, 48 மணி நேரமேனும் வெளிநாட்டில் இருந்து, மலேசியா அல்லாத நாட்டிலிருந்து வருவோர்க்கே, அதுவும் சொந்தப் பயன்பாட்டிற்கே உரியது. பிறர்க்காக வாங்கிச் சிக்கினால், பதில் சொல்ல வேண்டியவர் அத்தம்பியே.

2013 டிசம்பர் கலவரத்திற்குப் பின், 2015இல் லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. அன்று ஊழியர்களின் குடியைப் பழித்த நாமே இன்று அவர்கள் கையில் நம் பாட்டிலைத் திணிக்கலாமா?

வகுப்பில் நான் கற்பிக்கும் வாய்மையைவிட, அம்மகன் அங்கே கண்டதே மனத்தில் நிற்கும். சிந்திப்போமாக!